செவ்வாய் இரவு, எட்டிலிருந்து பத்து வரை

கோத்தன்பர்க்கின் வடகோடியில்
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு
நிலவறையில் ஒரே ஒரு சலவை அறை.
முறை குறிக்கும் பலகை உண்டு,
வீட்டுக்கொரு சின்னப் பூட்டு உண்டு,
அடுத்தவர் நேரத்தில் ஒற்றைக் காலுறை கிடந்தாலும்
கதவில் சீட்டு ஒட்டுகிற ஆளும் உண்டு.

செவ்வாய் இரவு, எட்டிலிருந்து பத்து வரை:
செனாதா, ஆறாம் மாடி, பேருந்து ஓட்டுநர்.
லிஃப்டைவிட்டு இறங்குவாள்.
கையில் துணி இருக்காது.
நீலப் பீங்கான் தொட்டியில் ஓர் ஆலமரம்.

ஆல்போல் தழைத்து என்று வாழ்த்துவார்களே,
அதே ஆல்தான்.
உயரம் இரண்டு சாண்.
வாழ்த்தை யாரோ வெந்நீரில் துவைத்துச்
சுருங்க விட்டுவிட்டதைப் போல.

மேலே அவள் வீட்டில் காய்ந்த காற்று.
அக்டோபர் பிறந்தால் ரேடியேட்டர் ஓயாது;
உதடு வெடிக்கும், நாற்காலி முனகும்.
கிளையின் அடியில் விழுது எட்டிப் பார்க்கும்,
முளைகட்டிய பயறின் வால் மாதிரி.
விரற்கடை நீள்வதற்குள் நுனி கருகிவிடும்.
நாளைக்கு எட்டு முறை தண்ணீர் தெளிக்க வேண்டுமாம்.
பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவள்
எந்த நிறுத்தத்தில் இறங்கித் தெளிப்பாள்?
பாலித்தீன் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
இலை பூசணம் பூத்தது.

கீழே உலர்த்தும் அறையில்
நான்கு கொடி நிறைய ஈரப் போர்வைகள்.
சுவர் வியர்க்கும், குழாய் வியர்க்கும்.
ஒரு செவ்வாய்க்கிழமை,
ஆணியில் ஊதா விளக்கொன்றை மாட்டி
மரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஏறிப் போனாள்.

மறுநாளே சீட்டு:
"இது துணி உலர்த்தும் அறை. காடு அல்ல.
ஸ்டுரே, இரண்டாம் மாடி."
அதன் கீழே அவள்:
"உங்கள் போர்வைதான் இதற்கு மழை. மன்னிக்கவும்."
"பூச்சி வந்தால்?"
"வராது."
"வந்தால்?"
அதற்குமேல் சீட்டில் இடமில்லை.

நவம்பரில் மூன்று விழுதுகள்.
பழச்சாறு உறிஞ்சும் சிவப்புக் குழாயை
நீளவாட்டில் பிளேடால் கீறி,
ஈரப்பாசி திணித்து,
விழுதின் நுனியைப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல்
மெல்ல உள்ளே விட்டாள்.
மறுமுனை மண்ணில்.
இருட்டும் ஈரமும் தொடர்ந்து கிடைத்தால் போதும்,
நடுவழியில் அது காயாது.

குழந்தைகளின் துணி மூட்டையோடு வந்த சவீல் கேட்டார்:
"விட்டால் தானே இறங்காதா?"
"இறங்கும். அவசரம் எனக்குத்தான்,
மரத்துக்கு இல்லை."

வேறு யாரோ,
இங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்,
இது நம்மைப் பற்றிய மரம்தானே என்று
குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டபோது
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"இல்லை. இது அத்திக் குடும்பத்தைப் பற்றியது."

சனவரியில் தங்கையைப் பார்க்க துஸ்லா போனாள்.
மூன்று வாரம்.
திரும்பி வந்தவள் எண்ணினாள்:
குழாய்கள் நான்கு.

நான்காவது அவளுடையதல்ல.
மஞ்சள் வரி போட்டது.
கீறல் கோணல்மாணல்;
கீறிய கை நடுங்கியிருக்கிறது.
பாசிக்குப் பதில் கந்தல் பருத்தி.
ஆனால் உள்ளே
ஈரமாக, வெள்ளையாக,
ஒரு புது விழுது.

எங்களில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மண்ணைத் தொட்டபின்
விழுது இறுகத் தொடங்கும்.
தொளதொளவென்று வளைந்து கிடந்தது
இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாகும்.
ஏப்ரலில் சிவப்புக் குழாய்கள் மூன்றையும் உரித்தாள்.
தீக்குச்சி கனத்தில் மூன்று கால்கள்.
மஞ்சள் வரியைத் தொடவில்லை.
தடித்து, அதுவாகவே வெடித்துக்கொள்ளட்டுமாம்.

இப்போதெல்லாம் எங்கள் போர்வைகளில்
லேசாக மண்வாடை.
கதவை தினமும் பார்க்கிறோம்.
இன்னும் யாரும் சீட்டு ஒட்டவில்லை.